மைதான ஓரத்தில் எட்டுக் கிழமை: சம்பளமில்லாத பயிற்சி பற்றி வாசகர் கேள்வி – பதில்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களும், பல்கலைக்கழக விடுமுறையில் ஊருக்கு வந்திருப்பவர்களும், அவர்களின் பெற்றோரும் இந்த முறை நிறைய எழுதியிருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கிருந்து வந்தாலும் கடிதங்களின் சாரம் ஒன்றுதான். கழகங்களும் போட்டி ஏற்பாட்டாளர்களும் ‘விளையாட்டுச் சந்தைப்படுத்தல் பயிலுநர்’ என்று பிள்ளைகளை எடுக்கிறார்கள், ஆனால் சம்பளம் இல்லை. போகலாமா, போனால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை விட்டுத் தருகிறோம்.

உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றுக்கு எட்டுக் கிழமைக்குப் பயிலுநராக வரச் சொல்கிறார்கள். உண்மையில் என்ன வேலை இருக்கும்?
– மாணவி, பரந்தன்

பெயர் பெரிதாக இருந்தாலும் வேலையில் முக்கால்வாசி ஓடித்திரிவதும், போனில் கதைப்பதும், எண்ணுவதும், எழுதிவைப்பதும்தான். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

போட்டிக்கு முந்திய கிழமைகளில் அலுவலகங்களுக்கு அலைவீர்கள். ஒலிபெருக்கி அனுமதிக்குப் பொலிஸ் நிலையம், மைதானத்துக்குப் பிரதேச சபை அல்லது பாடசாலை அதிபர், கழகப் பதிவு சம்பந்தமாகப் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தர். அத்துடன் அழைப்பிதழ் கொடுப்பது, அணிகளின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பது, அனுசரணை தருபவர்களின் பெயரும் சின்னமும் சேகரிப்பது, அச்சகத்துக்கும் கழகத்துக்கும் நடுவில் நின்று பதாகைகளைச் சரிபார்ப்பது.

போட்டி நாளில் முதல் ஆட்டத்துக்கு 3 மணித்தியாலம் முன்னால் மைதானத்தில் நிற்கவேண்டும். பதாகை கட்டி முடிய ஒன்றரை மணித்தியாலம் போகும். மிச்ச நேரத்தில் கட்டாதது, கிழிந்தது, எழுத்துப் பிழைத்தது எல்லாம் வெளியே வரும். ஆட்டம் நடக்கும்போது படம் எடுப்பது, முகநூல் பக்கத்தில் கோல் விவரம் போடுவது, அறிவிப்பாளரிடம் அனுசரணையாளர் பெயர்களை நேரத்துக்கு வாசிக்கச் சொல்வது.

எங்கள் அனுபவத்தில் ஒரு பயிலுநருக்கு அதிகம் கற்றுத்தருவது போட்டிக்கு மறுநாள். ஆனால் அன்றைக்குத்தான் எல்லாரும் வீட்டில் படுத்துவிடுகிறார்கள். பணம் தந்த ஒவ்வொருவருக்கும் அவருடைய பதாகை நின்ற படம், பெயர் எத்தனை தடவை வாசிக்கப்பட்டது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு பக்க அறிக்கை கொடுக்கவேண்டியது அன்றைக்குத்தான். அடுத்த வருடப் பணம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. அதை எழுதப் பழகியவருக்கு இந்தத் தொழிலின் பாதி கைவந்துவிட்டது.

பார்வையாளர்களை எப்படி எண்ணுவது? ‘ஆயிரக்கணக்கானோர்’ என்று எழுதச் சொல்கிறார்கள்.
– அதே மாணவி

அப்படி எழுதவேண்டாம். காசு தந்த கடைக்காரரும் அன்றைக்கு மைதானத்துக்கு வந்திருப்பார், அவருக்கும் கண் இருக்கிறது. 20 அடி நீளக் கயிறு ஒன்றைப் பக்கக் கோட்டோரம் பிடித்து, அதற்குள் நிற்பவர்களையும் இருப்பவர்களையும் எண்ணுங்கள். 22 பேர் என்று வைப்போம். அதே நெருக்கத்தில் ஆட்கள் நிற்கும் தூரம் 240 அடி என்றால் 12 மடங்கு, அதாவது 264 பேர். நெருக்கம் குறைந்த பக்கத்துக்குத் தனியாக ஒரு தடவை எண்ணுங்கள். முதல் ஆட்டம், இடைவேளை, இறுதி ஆட்டம் என்று மூன்று முறை எண்ணி, மூன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். ‘மாலை 5.10க்கு ஏறத்தாழ 430 பேர்’ என்ற வரியை எவரும் நம்புவார்கள்.

பதாகை அடித்து வந்தபோது ஊரின் பெயரே உடைந்திருந்தது. பிழை என் தலையில் விழுந்தது. அச்சகத்துக்குச் சரியாகத்தான் அனுப்பினேன்.
– பயிலுநர், விசுவமடு

தம்பி, இது பயிலுநர் பலருக்கும் நடக்கிறது. காரணம் எழுத்துரு. நீங்கள் யுனிகோட்டில் தட்டியதை அச்சகத்துக் கணினியில் உள்ள பழைய வடிவமைப்பு மென்பொருள் சரியாக ஏற்காவிட்டால் கொம்பு இடம் மாறிவிடும். ‘கிளிநொச்சி’ என்ற சொல்லையே எடுங்கள். அதில் ‘நொ’ இருக்கிறது. கொம்பு, ந, கால் மூன்றும் பிரிந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், நடுவில் புள்ளி வட்டம் ஒன்றும் தோன்றும். ‘முல்லைத்தீவு’ என்றால் ‘லை’யில் இதே கதை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் வேறு வில்லங்கம்: அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் முழு வரியும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும்.

வடிவமைப்பு முடிந்ததும் எல்லா எழுத்தையும் கோட்டுருவமாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைந்த வடிவமாக, மாற்றிவிட்டு, பிடிஎஃப் கோப்பாகச் சேமிப்பதுதான் இதற்கு வழி. அதன் பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து உடையாது. ஆனால் திருத்தவும் முடியாது. ஆகவே திருத்தக்கூடிய பிரதி ஒன்றை வேறு பெயரில் வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருங்கித் தரம் போய்விடும், ஆவணமாக அனுப்பவேண்டும். முழு அளவில் 72 முதல் 100 டிபிஐ (ஓர் அங்குலத்துக்குள் வரும் புள்ளிகள்) இருந்தால் மைதானப் பதாகைக்குப் போதும்.

கடைகளின் சின்னத்தை முகநூல் முகப்புப் படத்திலிருந்து வெட்டி எடுக்காதீர்கள். 10 அடிக்கு இழுத்தால் சதுரம் சதுரமாகத் தெரியும். அந்தக் கடையின் பெயர்ப்பலகையை அல்லது பில் புத்தகத்தை அடித்தவர் யார் என்று கேட்டு, மூலக் கோப்பை அவரிடம் வாங்குங்கள்.

அச்சுக்குப் போகமுன் ஒரு தாளில் எடுத்து, வடிவமைப்பைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பிழை தெரியாது. பிறகு கழகச் செயலாளரிடம் அந்தத் தாளிலேயே ‘சரி’ என்று எழுதிக் கையொப்பமும் திகதியும் வாங்கிவிடுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் அடுத்த முறை பிழை உங்கள் தலையில் விழாது.

அளவு பற்றியும் ஒரு சொல். பதாகை சதுர அடிக் கணக்கில் விற்கப்படுவது. 10க்கு 4 என்றால் 40 சதுர அடி, 8க்கு 3 என்றால் 24. மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டிலும் கடையின் பெயர் வாசிக்கலாம், செலவு மட்டும் 40 வீதம் குறைகிறது. பெயரைப் பெரிதாகப் போட்டு, முகவரி, மூன்று போன் இலக்கம், பொருள் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் சிறியது போதும்.

எங்கள் மைதானத்தில் பதாகை இரண்டு நாள்கூட நிற்கவில்லை, காற்று கிழித்துவிடுகிறது. படமும் இருட்டாக விழுகிறது.
– கழக உறுப்பினர், முல்லைத்தீவு

வைகாசிக்குப் பிறகு சோளகமும் கச்சானும் வீசும் காலத்தில் வன்னி வெளியில் எதையும் தட்டையாக நிமிர்த்திக் கட்டினால் அது பாய்மரம்தான். கம்பை 2 அடியாவது மண்ணுக்குள் இறக்குங்கள். பதாகையின் அடி விளிம்பு தரையிலிருந்து அரை அடிக்கு மேல் போகவேண்டாம். உயரம் கூடக் கூடக் காற்றின் பிடியும் கூடும். நாலு மூலையை மட்டும் கட்டுவதுதான் கிழிவதற்கு முதற் காரணம், முழு இழுவையும் அந்த நாலு துளையில் விழுகிறது. அச்சகத்தில் 2 அடிக்கு ஒரு வளையத் துளை போடச் சொல்லுங்கள். மேல் விளிம்புக்கு நேராக ஒரு நைலோன் கயிறை இறுக்கி இழுத்து, ஒவ்வொரு துளையையும் அதில் கட்டுங்கள். கீழ் விளிம்பைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் காற்று அடியால் போகும். சிலர் நடுவில் பிறை மாதிரி வெட்டிவிடுவார்கள். அந்த வெட்டின் நுனியிலிருந்துதான் பிறகு கிழிசல் ஓடுகிறது, அதைச் செய்யாதீர்கள்.

படம் இருட்டாவது வெயிலின் பக்கத்தைப் பார்க்காததால். ஆட்டம் மாலை மூன்றரைக்குப் பிறகு நடக்கிறது, வெயில் மேற்கில் நிற்கிறது. மைதானம் வடக்குத் தெற்காக இருந்தால் படம் எடுப்பவர் மேற்குப் பக்கக் கோட்டில், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே பார்த்து எடுக்கவேண்டும். ஆகவே பிரதான அனுசரணையாளரின் பதாகை கிழக்குப் பக்கத்தில்தான் கட்டப்படவேண்டும். அப்போது பந்தோடு ஓடும் ஒவ்வொரு வீரனுக்கும் பின்னால், வெயில் பட்டுத் துலங்கியபடி அந்தப் பெயர் நிற்கும். கட்டும் நேரத்தில் இதை யோசித்தால் ஒரு சதமும் கூடுதலாகச் செலவில்லை. ஒவ்வொரு அனுசரணையாளருக்கும் மூன்று படம் போதும்: பதாகை தனியே, வீரர்களோடு, சனத்தோடு. தனிப்படத்தைக் கட்டிய உடனேயே எடுத்துவிடுங்கள். கிரவல் புழுதி படிந்தபின் வெள்ளை எழுத்தும் செம்மண் நிறமாகிவிடும்.

இருபது கடை ஏறி இறங்கினேன், ஒருவரும் அனுசரணை தரவில்லை. ‘கொண்டுவரும் காசில் பத்து வீதம் உனக்கு’ என்று கழகத்தில் சொல்கிறார்கள்.
– மாணவன், மாங்குளம்

கடைக்காரரின் பக்கத்திலிருந்து பாருங்கள். கோவில் திருவிழா, பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி, முன்பள்ளி விழா என்று ஒரு வருடத்தில் எத்தனை பேர் அந்தப் படியேறுகிறார்கள்! எல்லாரும் நன்கொடைதான் கேட்கிறார்கள். நீங்களும் அதே மாதிரிப் போய் நின்றால் அவர் உங்களையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுவார். அனுசரணை என்றால் கொடுத்து வாங்குவது. என்ன கொடுக்கிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: பதாகை எந்த இடத்தில், எத்தனை நாள், ஆட்டத்துக்கு எத்தனை தடவை பெயர் வாசிக்கப்படும், முகநூலில் எத்தனை பதிவு, எந்தக் கிண்ணத்தை அவர் கையால் கொடுப்பார், போட்டி முடிந்து எத்தனை நாளில் அறிக்கை வரும். போன வருடப் படம் இருந்தால் ஒன்றே ஒன்று சேருங்கள்.

காலமும் முக்கியம். பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கையில் காசு புழங்கும். சிறுபோகம் உள்ள இடங்களில் ஆவணி, புரட்டாதியிலும் அப்படி. வைகாசியில் முல்லைத்தீவுப் பக்கம் போனால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள், அது நியாயமான பதில். கடை திறக்கும் நேரத்திலும் சந்தை நாளிலும் போகவேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சனம் குறைந்த இரண்டு மூன்று மணிக்குப் போனால் இருத்திக் கதைப்பார்கள். காசு தராதவரிடம் பொருளாகக் கேளுங்கள்: தண்ணீர்ப் போத்தல், ஐஸ், பந்து, வெற்றிக்கிண்ணம், ஒலிபெருக்கிக்கு ஒரு நாள் வாடகை. இருபதாயிரம் ரூபா தர யோசிப்பவர் தன் கடையிலிருந்தே இருபது பெட்டி தண்ணீர் தர யோசிக்கமாட்டார்.

ஒரே சந்தியில் இரண்டு ஹாட்வெயார் கடையிடமும் வாங்கிவிட்டு இரண்டு பதாகையையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் இருவரையும் இழப்பீர்கள். ஒரு வகை வியாபாரத்துக்கு ஒருவர் என்று முதலே சொல்லி, அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம். மதுபானம், புகையிலை விற்பவர்கள் எவ்வளவு தந்தாலும் தொடக்கூடாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்கிறது.

பத்து வீதம் பற்றி: அதைப் பயிற்சிக்குப் பதிலாக ஏற்கவேண்டாம். இருபது கடை ஏறிய பஸ் காசும் வெயிலும் உங்களுடையது, கடை ஒன்றும் தராவிட்டால் கழகத்துக்கு நட்டம் இல்லை. எப்படியிருந்தாலும் காசை உங்கள் கையில் வைத்திருக்காதீர்கள். கழகத்தின் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் வாங்கவேண்டாம். முடிந்தால் கழக வங்கிக் கணக்கில் நேரே போடச் சொல்லி, வைப்புச் சீட்டின் படத்தை மட்டும் வாங்குங்கள். கணக்குப் பிசகினால் ஊரில் முதலில் அடிபடும் பெயர் வயதில் குறைந்தவருடையதுதான்.

சம்பளம் இல்லை என்றால் கடிதம் எதற்கு என்று கேட்கிறார்கள். என்ன எழுதி வாங்குவது?
– பல்கலைக்கழக மாணவி, வவுனியா

சம்பளம் இல்லாத இடத்தில்தான் கடிதம் கூடுதலாகத் தேவை. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டே அத்தாட்சி. உங்களுக்கு இந்தத் தாளை விட்டால் வேறு அத்தாட்சி இல்லை.

முதலில் உங்கள் செலவைக் கணக்கிடுங்கள். பஸ் 200, மத்தியானச் சாப்பாடு 300, டேட்டா 100 என்று நாளுக்கு 600 ரூபா வைப்போம். கிழமைக்கு 5 நாள், 8 கிழமை, ஆக 40 நாள்: 24,000 ரூபா. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். தனியார் துறையின் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக்கப்பட்டது. அந்த ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்டவான தொகையை நீங்கள் உங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் போட்டு வேலை செய்கிறீர்கள். இந்தக் கணக்கைக் கழகத்தாரிடம் மரியாதையாகக் காட்டலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பஸ் காசும் சாப்பாடும் டேட்டாவும் கழகம் தரவேண்டும் என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். அதுவும் இல்லை என்றால் கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் போகாதீர்கள்.

கடிதம் அரைப் பக்கம் போதும். இப்படி எழுதலாம்: ‘இன்ன திகதி தொடக்கம் இன்ன திகதி வரை, கிழமைக்கு 4 நாள், நாளுக்கு 6 மணித்தியாலத்துக்கு மேற்படாமல், இன்னாரின் மேற்பார்வையில் பயிற்சி பெறுவார். அனுசரணை அறிக்கை தயாரித்தல், சமூக ஊடகப் பதிவு, போட்டி நாள் ஒழுங்கு ஆகியவற்றில் பயிற்றப்படுவார். போக்குவரத்து, உணவு, தொலைபேசி டேட்டாச் செலவு நாளுக்கு இவ்வளவு ரூபா கிழமை முடிவில் வழங்கப்படும். அவர் தயாரித்தவற்றின் பிரதிகளைத் தனது தொழிற் கோவையில் பயன்படுத்தலாம்.’ கீழே தலைவர், செயலாளர் இருவரின் கையொப்பமும் கழக முத்திரையும். பல்கலைக்கழகப் பாடத்துக்கான பயிற்சி என்றால் உங்கள் துறையின் கடிதத்தை முதலில் கொடுங்கள், அதில் உள்ள மணித்தியாலக் கணக்கோடு இது ஒத்துப்போகவேண்டும்.

காலையிலிருந்து பொழுதுபடும்வரை கழக அலுவலகத்தில் இருந்து, முன்பு சம்பளத்துக்கு ஒருவர் செய்த வேலையை அப்படியே செய்கிறீர்கள் என்றால், ‘பயிற்சி’ என்று பெயர் வைத்ததால் மட்டும் அது பயிற்சி ஆகிவிடாது. கிட்டவுள்ள தொழில் அலுவலகத்தில் கடிதத்தையும் நேரக் குறிப்பையும் காட்டி ஆலோசனை கேளுங்கள்.

மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது. ஆட்டம் முடிய இருட்டிவிடும்.
– தாய், துணுக்காய்

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அனுப்பவே கூடாது என்று நாங்கள் சொல்லமாட்டோம், ஒழுங்கை முன்கூட்டியே செய்யச் சொல்வோம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கு முக்கால் மணித்தியாலம் முன்னால் மகள் மைதானத்தை விட்டு வெளிக்கிடுவார் என்று கடிதத்திலேயே எழுதுவியுங்கள். இறுதி ஆட்ட நாளில் பிந்தும் என்றால் கழக வாகனத்தில், இன்னொரு பெண்ணும் உடன் வர, வீட்டு வாசல்வரை. ‘யாராவது கொண்டுவந்து விடுவார்கள்’ என்ற பேச்சை ஏற்கவேண்டாம், யார் என்று பெயர் கேளுங்கள். பெண் பயிலுநர் ஒருவராகத் தனித்து இருப்பதைவிட இருவராக இருப்பது நல்லது. மைதானத்தில் பூட்டுள்ள, தண்ணீர் உள்ள மலசலகூடம் இருக்கிறதா என்று ஒருநாள் முன்னதாகப் போய்ப் பாருங்கள். பல மைதானங்களில் பாடசாலைக் கட்டடத்தின் திறப்பு அதிபரிடம்தான் இருக்கும், அதை முதலே கேட்டு வாங்கவேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளையை மோட்டார் சைக்கிளில் அலுவலுக்கு அனுப்பக் கழகத்துக்கு உரிமை இல்லை.

தகாத பேச்சோ தொடுகையோ நடந்தால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவிலும், 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்திலும் முறையிடலாம். பயிற்சி என்ன ஆகும் என்று மகள் யோசிக்கத் தேவையில்லை, அன்றைக்கே நிறுத்திவிடலாம்.

வெளிநாட்டில் உள்ள உறவுகளுக்காக முகநூலில் நேரடி ஒளிபரப்புச் செய்கிறோம். பாதியில் சத்தம் நின்றுவிடுகிறது.
– பயிலுநர், தருமபுரம்

ஒலிபெருக்கியில் போகும் சினிமாப் பாட்டுத்தான் காரணம். பாட்டின் உரிமையைக் கண்டறியும் ஒழுங்கு முகநூலில் தானாக இயங்குகிறது, பாட்டு விழுந்த பகுதியின் சத்தத்தை அது அடைத்துவிடும், சில வேளை ஒளிபரப்பையே நிறுத்திவிடும். ஆட்டம் நடக்கும்போது பாட்டுப் போடவேண்டாம் என்று ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்லுங்கள். அதைவிட நல்லது, வர்ணனையாளரின் ஒலிவாங்கியிலிருந்து ஒரு வயரைப் போனுக்கு எடுப்பது. அப்போது காற்றின் இரைச்சலும் போய்விடும்.

720பி தரத்தில் நொடிக்கு 2.5 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1.1 ஜிபி போகும். உங்கள் சொந்த டேட்டாவில் இதைச் செய்யாதீர்கள். முதல் நாள் அதே நேரம், அதே இடத்தில் நின்று பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். சனம் கூடியதும் அது பாதியாகக் குறையலாம், ஆகவே 5 மெகாபிட்டாவது இருக்கவேண்டும். இங்கே மாலை 4 மணி என்றால் கோடையில் இலண்டனில் காலை 11.30, பாரிஸில் 12.30, ரொறன்ரோவில் காலை 6.30. கனடாவில் உள்ளவர்கள் பிரதான அனுசரணை தந்திருந்தால் அவர்கள் ஊர் அணியின் ஆட்டத்தைக் கடைசியாகப் போடச் சொல்லிப் பாருங்கள், எழும்பிப் பார்ப்பார்கள். 18 வயதுக்குக் குறைந்த வீரர்களின் முகத்தைக் கிட்டவாகக் காட்டவும் பெயர் போடவும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள்.

நாங்கள் சிறிய கழகம். பயிலுநருக்குக் கொடுக்கக் காசு எங்கே?
– செயலாளர், பூநகரிப் பக்கத்துக் கழகம் ஒன்று

உங்கள் வரவுசெலவுத் தாளை எடுத்துப் பாருங்கள். கிண்ணம், பதக்கம், நடுவர் கொடுப்பனவு, ஒலிபெருக்கி, பந்தல், பதாகை, சிற்றுண்டி எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கும். பயிலுநருக்கு வரி இல்லை, அதனால்தான் காசு இல்லை. அனுசரணை கேட்கும் தாளிலேயே ‘பயிலுநர் இருவரின் போக்குவரத்து, உணவு’ என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரியை ஒரு கடையே பொறுப்பேற்கும், பிள்ளைகளுக்கு என்றால் கை இரங்குகிற சனம் இது. கிண்ணத்தின் உயரத்தை அரை அடி குறைத்தாலும் அந்தக் காசு வரும்.

இருவருக்கு மேல் எடுக்கவேண்டாம், மேற்பார்க்க ஆளில்லாமல் போகும். கிழமைக்கு ஒரு மணித்தியாலமாவது இருத்தி, செய்ததைப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். அது நடக்காவிட்டால் அது பயிற்சி அல்ல. ஆவணி வெயிலில் ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீரும் ஒரு தொப்பியும் கொடுப்பது கழகத்தின் பொறுப்பு. முகநூல் பக்கத்தைப் பயிலுநரின் சொந்தக் கணக்கில் மட்டும் தொடங்க விடாதீர்கள். அவர் போனதும் பக்கமும் போய்விடும். நிர்வாகிகளாகக் கழகத்தார் இருவரும் அதில் இருக்கவேண்டும்.

அக்காவின் மகள் அமெரிக்காவில் படிக்கிறார். அங்கும் கோடை விடுமுறையில் விளையாட்டு நிறுவனம் ஒன்றில் சம்பளமில்லாமல் நிற்கப்போகிறாராம். அது சட்டப்படி சரியா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

இலாப நோக்குள்ள நிறுவனம் என்றால், அந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயன்பெறுவது மாணவரா நிறுவனமா என்று பார்க்கிறார்கள். அமெரிக்கத் தொழில் திணைக்களம் 2018 முதல் 7 விடயங்களை வைத்து இதை அளக்கிறது. படிப்போடு இணைந்ததா, கல்வி நாட்காட்டிக்கு ஏற்றதா, சம்பளக்காரர் ஒருவரின் வேலையை இவர் பிடிக்கிறாரா, சம்பளம் இல்லை என்பது இருவருக்கும் தெளிவா என்பவை அவற்றில் சில. மாணவர் விசாவில் இருப்பவர் தொடங்குமுன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் கேட்டு அனுமதி எடுக்கவேண்டும், சம்பளம் இல்லை என்பதால் விசா நிபந்தனை விலகிவிடும் என்று நினைக்கக்கூடாது. கனடாவின் ஒன்ராறியோவில் உள்ளவர்களும் இதைக் கேட்பதுண்டு. அங்கே பல்கலைக்கழகமோ கல்லூரியோ அங்கீகரித்த பாடத்திட்டத்தின் பகுதியாக இருந்தால் சம்பளமில்லாப் பயிற்சிக்கு இடமுண்டு, இல்லாவிட்டால் பொதுவாக ஆகக்குறைந்த ஊதியம் கொடுக்கவேண்டும்.

எட்டுக் கிழமை முடிந்தது. ‘இன்னும் ஒரு மாதம் நில்லு, பிறகு சான்றிதழ் தருகிறோம்’ என்கிறார்கள்.
– பயிலுநர், மல்லாவி

நிற்கவேண்டாம், தங்கச்சி. எட்டுக் கிழமைக்குச் சம்மதித்தீர்கள், அது முடிந்தது. சான்றிதழ் செய்த வேலைக்குரியது, செய்யப்போகும் வேலைக்குப் பிணையல்ல. ‘இன்ன திகதியோடு எனது பயிற்சி நிறைவடைகிறது, பொறுப்புகளை இன்னாரிடம் ஒப்படைக்கிறேன்’ என்று இரண்டு வரிக் கடிதம் கொடுத்து, அதன் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். கடவுச்சொற்கள், கோப்புகள், அனுசரணையாளர் பட்டியல், பற்றுச்சீட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கொடுங்கள்.

இனி வேண்டுமானால் நாட்சம்பளத்துக்கு வருகிறேன் என்று சொல்லலாம். அதுவரை செய்த வேலை அவர்களுக்குத் தெரியும், பேச உங்களுக்கு இடம் இருக்கிறது.

சான்றிதழ் பிந்தினாலும் கையில் இருக்கவேண்டியவை வேறு. நாளாந்தக் குறிப்புக் கொப்பி ஒன்று: திகதி, வந்த நேரமும் போன நேரமும், செய்த வேலை, அதன் எண்ணிக்கை, கிழமைக்கு ஒருமுறை மேற்பார்வையாளரின் சுருக்கொப்பம். நீங்கள் எழுதிய அனுசரணை அறிக்கைகளில் நல்லது இரண்டு. பதாகை கணினியில் இருந்தபோதும் மைதானத்தில் நின்றபோதும் எடுத்த படங்கள். முகநூல் பதிவுகளின் முதல் கிழமை, கடைசிக் கிழமைப் பார்வை எண்ணிக்கை. அறிவிப்பாளருக்குக் கொடுத்த பெயர் அட்டை, வாசிக்க வாசிக்க அவர் பேனாவால் கோடு போட்டபடியே. தன்விபரக் கோவையில் ‘விளையாட்டுச் சந்தைப்படுத்தலில் அனுபவம்’ என்று எழுதுவதை விட, ‘12 அணிகள் பங்குகொண்ட சுற்றுப்போட்டியில் 9 அனுசரணையாளருக்கு அறிக்கை தயாரித்தேன், அவர்களில் 4 பேர் அடுத்த போட்டிக்கும் உறுதியளித்தனர்’ என்பது போல உங்கள் எண்ணிக்கையைப் போடுங்கள். நேர்முகத்தில் அந்த நாலு பேரைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆகவே கழகத்தை விட்டு வரும் நாளில், அந்த நாலு கடைக்கும் போய் ஒருமுறை சொல்லிவிட்டு வாருங்கள்.